இடது இறக்கைக் கோழிகள்

"பக்கத்து வீட்டு நாய் தபால்காரரைக் கடிச்சிருச்சு. இது நீதிக்கதையா, இல்லையா?"

மூன்றாம் வகுப்பு ஒரே குரலில் கத்தியது. "நீதிக்கதை, டீச்சர்."

"எப்படி?"

"நாய் வருதுல்ல."

"நேத்து நெசமா நடந்ததுடா அது. காலுக்குக் கட்டுப் போட்டுட்டு நொண்டி நொண்டிப் போனாரே, பாக்கல?"

"அப்ப நீதி என்னன்னா," என்று ஒருவன் எழுந்தான், "தபால் வேலைக்குப் போகக் கூடாது."

வகுப்பு சிரித்து உருண்டது. லுவோ சூமெய் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுண்ணக்கட்டியை இரண்டாக உடைத்தாள். ஒரு துண்டைப் பெட்டியில் போட்டாள், மறுபடி எடுத்தாள். ஒரு வாரமாக அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. போர்டுக்கும் ஜன்னலுக்கும், ஜன்னலுக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். பிள்ளைகளின் தலைகள் அவளோடு சேர்ந்து திரும்பித் திரும்பி ஓய்ந்துபோயின.

வியாழக்கிழமை திறந்த வகுப்பு. வட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வரும். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைபேசியில் படம் பிடிப்பார்கள். அவர்கள் முன்னால் பாடம் அன்றுதான் முதன்முதலாக நடப்பதுபோல் நடக்க வேண்டும். அதற்காக அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு அலுக்க அலுக்க நடத்தி முடித்திருக்க வேண்டும். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான். வந்து பார்ப்பவர்களும் தங்கள் பள்ளியில் இதையே செய்துவிட்டுத்தான் வருவார்கள். ஆனாலும் எல்லோரும் வியப்பார்கள், தலையாட்டுவார்கள், குறிப்பெடுப்பார்கள்.

சூமெய்க்கு விழுந்த பாடம், நீதிக்கதையை இனம் கண்டுகொள்வது எப்படி. சூமெய் ஒப்பந்த ஆசிரியை. இந்த ஆண்டு பள்ளி ஒரே ஒருவரைத்தான் நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கும். அந்த ஒருவர் அவளா இல்லையா என்பதை வியாழக்கிழமை சொல்லிவிடும்.

பிள்ளைகளோ ஒரே சூத்திரத்தைப் பிடித்துத் தொங்கினார்கள். விலங்கு வந்தால் நீதிக்கதை, வராவிட்டால் இல்லை. புதுக்குடை நனைந்துவிடக் கூடாதென்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் நனைந்தே ஊர் போய்ச் சேர்ந்தவன் கதையைச் சொன்னாள். "அது வெறும் சிரிப்புக்கதை" என்று தள்ளிவிட்டார்கள்.

"சரி, அதை விடு. அந்தக் குடைக்காரனைக் கேட்டதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது?"

ஒரு பெண், "எங்க அத்தை, டீச்சர். புது சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுட்டுத் தரையில உக்காந்து டிவி பாக்கும்" என்றாள்.

சிரிப்பு. "எங்க தாத்தாவும் அப்படித்தான், புது செருப்பைக் கையில வச்சுக்கிட்டு நடப்பாரு" என்று இன்னொரு குரல்.

கடைசி பெஞ்சிலிருந்து தியான் ஷியாவ்மான், எழுந்திருக்காமலே சொன்னாள். "நம்ம ஸ்கூல் லைப்ரரி. புத்தகம் கிழிஞ்சிரும்னு பூட்டியே வச்சிருக்காங்க."

சூமெய் நடப்பதை நிறுத்தினாள். ஒரு வாரமாகத் தேடியது கடைசி பெஞ்சில் கிடந்திருக்கிறது.

"கேட்டுக்கங்க. குடைக்காரன் கதையில அத்தை கிடையாது, தாத்தா கிடையாது, லைப்ரரி கிடையாது. ஆனா கதை போய் அவங்களைக் குத்துது. கதையில இல்லாத ஒருத்தரைப் போய்க் குத்துனா அது நீதிக்கதை. நாய் கடிச்ச சேதி தபால்காரரை மட்டும்தான் குத்துச்சு."

இந்தத் தடவை அவளும் சிரித்தாள். அன்று மணி அடிக்கும்வரை பிள்ளைகள் விடவில்லை. ஒவ்வொரு கதைக்கும் "இது யாரைக் குத்துது, இது யாரைக் குத்துது" என்று கேட்டு, ஊரில் பாதிப் பேரைக் குத்தி முடித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியர் பெங் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய அறையில் தேயிலை மிதக்கும் கண்ணாடிக் குவளையைத் திறந்து, ஊதி, குடிக்காமல் மூடினார். அப்படிச் செய்தால் எதிரில் நிற்பவருக்கு ஏதோ கெட்ட சேதி என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்.

"லுவோ டீச்சர், நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க. ஆனா இந்த ‘யாரைக் குத்துது’ வியாழக்கிழமை வேண்டாம். விருந்தாளிக்கு மீன் வைக்கறப்ப முள்ளை எடுத்துட்டுத்தான் வைக்கணும்."

"முள்ளை எடுத்துட்டா அது நீதிக்கதையே இல்ல, சார்."

"போர்டுல மூணு வரி போடுங்க. கதை சின்னதா இருக்கும். விலங்கோ முட்டாளோ வரும். கடைசியில நீதி சொல்லும். முடிஞ்சுது."

"அப்ப அந்தத் தபால்காரர் நாயும்..."

"நாய் யாருக்கு வேணும்? கை ஒழுங்கா தூக்கணும், அதான் வேணும். வலது, இடது, எல்லாருக்கும் ஞாபகம் இருக்குல்ல?"

எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. முதல் வகுப்பிலேயே பழக்கிவிடுவார்கள். வெளியார் வரும் நாளில் கேள்வி கேட்டதும் எல்லாக் கையும் மேலே போக வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் ஒரு வலது கையைப் பார்த்துக் கூப்பிடுவார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது காடு மாதிரி கை, அவ்வளவுதான். சூமெய் தன் மலையூர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புவரை இடது கைக்காரிதான். யாரும் கூப்பிடாத கை தோளிலிருந்து எப்படி மரத்துக்கொண்டு வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அங்கே வந்திருந்த நகரத்துப் பிள்ளைகள் தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுச் சொன்னதைக் கேட்டபோது அவளுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

"அப்புறம்," என்றார் பெங், "அந்த ஷியாவ்மானை அன்னைக்கு விளையாட்டுச் சாமான் ரூம்ல உக்கார வச்சிருங்க. பந்துக்குக் காத்தடிக்கட்டும்."

"ஏன் சார்?"

"பால் விஷயம் மறந்து போச்சா?"

போன ஆண்டு வந்த அதிகாரி ஒருவர், பள்ளியில் தரும் பால் ருசியாக இருக்கிறதா என்று ஷியாவ்மானைக் கேட்டார். "இன்னைக்குத்தான் மொதத் தடவையா குடிச்சேன், நாளைக்கும் நீங்க வருவீங்களா?" என்று அவள் கேட்டாள். அவள் சொன்னது உண்மை என்பதால் யாராலும் அவளைத் திட்ட முடியவில்லை. அதுதான் பெங்குக்கு இன்னும் ஆறவில்லை.

ஆசிரியர் அறையில் ஔயாங் அக்கா ஊறுகாய் மிளகாய் போட்ட அரிசி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் அவளைவிட மூத்தது வாசல் கற்பூர மரம் மட்டும்தான்.

"என்ன, மூஞ்சி வெந்து போயிருக்கு? காத்தடிக்கச் சொன்னாரா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை அங்க உக்காரும். போன வருஷம் ரெண்டு. ஜோடியா இருந்ததால அழல."

"நீங்க கேக்க மாட்டீங்களா, அக்கா?"

"கேட்டேன். உன் வயசுல நானும் கொதிச்சவதான். கொதிச்சுக் கொதிச்சுத் தண்ணி வத்திப் போச்சு, இப்பப் பாத்திரம்தான் மிச்சம்." நூடுல்ஸ் குச்சியால் அவளைச் சுட்டினாள். "இருக்கறது ஒரு இடம். நீ, இல்லாட்டி கணக்கு வாத்தியார் ஹூ. அவன் மாமனாரும் பெங்கும் ஒண்ணா மீன் பிடிக்கப் போறாங்க. உனக்கு என்ன இருக்கு?"

"வாய் இருக்கு."

"அதை வச்சு நூடுல்ஸ் தின்னு. வேறெதுக்கும் எடுக்காதே."

கைபேசி அதிர்ந்தது. அப்பா. ஆரஞ்சுத் தோப்பில் நின்றபடி கத்தினார். மலையில் சிக்னல் கிடைக்காததற்கு உரக்கப் பேசுவதுதான் மருந்து என்பது அவர் முடிவு.

"சூமெய், வியாழக்கிழமைதானே? பன்னிக்குட்டியைச் சொல்லி வச்சுட்டேன். ஊருக்கே சாப்பாடு போடணும்ல."

"இன்னும் ஒண்ணுமே ஆகலப்பா."

"ஆகும். நிரந்தர வேலைன்னா இரும்புச் சோத்துக்கிண்ணம், கைக்கு வரப்போகுது, ஒடையாது, துருப்பிடிக்காது. உன் பெரியப்பன் மூஞ்சியை நான் பாக்கணும். பொட்டப்பிள்ளையை எதுக்குப் படிக்க வைக்கறேன்னு கேட்டான்ல."

அவள் கைபேசியை வைத்துவிட்டு, அதையே மறுபடி எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. பெங்மேல்தான் என்று வைத்துக்கொண்டாள். அது வசதியாக இருந்தது.

புதன்கிழமை மதியம், கைகழுவும் குழாயடியில் ஷியாவ்மானைப் பிடித்தாள். சீருடையோடு கழுத்தில் கட்டிய சிவப்புத் துணியின் நுனியால் அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மூணாவது பீரியட் நீ விளையாட்டுச் சாமான் ரூம்ல இருக்கியா? பந்துக்கெல்லாம் காத்து இல்ல."

"பந்துக்கு வெள்ளிக்கிழமை காத்தடிக்கலாமே, டீச்சர்."

"நாளைக்கே அடிக்கணுமாம்."

ஷியாவ்மான் யோசித்தாள். அவள் யோசிக்கும்போது முகத்தை மறைக்கத் தெரியாது. "நான் இடது கைதானே தூக்கறேன். என்னை நீங்க கூப்பிடவே மாட்டீங்க. அப்புறம் எதுக்கு என்னை ஒளிச்சு வைக்கணும்?"

சூமெய் குழாயைத் திருகி மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"சரி. வகுப்புலயே இரு. ஆனா இடது கை. என்ன ஆனாலும் இடது கைதான். வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்க மாட்டேன்."

"சத்தியம்?"

"சத்தியம் டீச்சர். உங்களுக்கு வேலை கெடைக்கணும்னு கிளாஸ் லீடர் தோங் யாவ் எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கா. நாங்க யாரும் சொதப்ப மாட்டோம்."

பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. சூமெய்க்கு முகம் சுட்டது. பெங்கை மீறி ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மாலைவரை தன்னைத்தானே மெச்சிக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. எதுவோ நெருடிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பு பொங்கும் பால் போல ஏறியது. கூட்ட அறையில் பின்னால் மூன்று வரிசை நாற்காலி. நடுவில் வட்ட அலுவலகத்து நியே மேடம், குட்டையான நரைமுடி, மடியில் குறிப்பேடு. அவருக்குப் பக்கத்தில் பெங். கடைசியில், கதவோரம், ஔயாங் அக்கா. பெங்கின் கண் முதலில் ஷியாவ்மானிடம் போனது, பிறகு சூமெய்யிடம் வந்தது. சூமெய் போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

குடைக்காரன் வந்தான். மூன்று வரி போர்டில் ஏறியது. கேள்வி விழுந்ததும் கைகள் சரேலென்று எழுந்தன. சூமெய் வலது கைகளாகப் பார்த்துப் பறித்தாள். வகுப்புத் தலைவி தோங் யாவ் எழுந்து நீதியைச் சொன்னாள்: "பொருளைக் காப்பாத்த ஆள் கஷ்டப்படக் கூடாது." பின்னால் தலைகள் ஆடின. சூமெய் பொய்யை இவ்வளவு சரளமாக நடத்துவாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தச் சரளம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது, அதுதான் கேவலம்.

மணியடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் நியே மேடம் எழுந்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" கேட்டுக்கொண்டே முன்னால் வந்துவிட்டார். "பிள்ளைங்களா, இது புத்தகத்துல இருக்கற கதை. புத்தகத்துல இல்லாத ஒரு கதை யாராவது சொல்லுங்க. அது நீதிக்கதையா இல்லையான்னு மத்தவங்க கண்டுபிடிக்கணும். யார் சொல்றீங்க?"

இதற்கு ஒத்திகை கிடையாது. பிள்ளைகள் பழக்கப்பட்டதைச் செய்தார்கள். எல்லாக் கையும் எழுந்தது. தோங் யாவ் உட்பட எல்லாம் இடது கை. தெரியாது, தெரியாது, எங்களைக் கூப்பிடாதீங்க என்று ஒரு வகுப்பே கையை உயர்த்திக் கெஞ்சியது. அந்தக் கெஞ்சல் நியே மேடத்துக்குப் புரியவில்லை. அவர் கண்ணுக்கு அது ஆர்வம்.

"அடேயப்பா. எவ்வளவு துடிப்பு. அந்தக் கடைசிப் பொண்ணு, நீதான் எல்லாரையும் விட உசரமாத் தூக்கியிருக்கே. வா, சொல்லு."

ஷியாவ்மான் தன் கையை அண்ணாந்து பார்த்தாள், அது ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல. பிறகு சூமெய்யைப் பார்த்தாள். சத்தியம் செய்திருக்கிறாள். சூமெய் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். "சொல்லு" என்றாள். வேறென்ன சொல்ல முடியும்.

ஷியாவ்மான் எழுந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வீட்டுல நிறையக் கோழி இருந்துச்சு. வாங்கற ஆள் வரப்போறார்னு வீட்டுக்காரர் சொன்னாரு. முட்டை போடற கோழி வலது ரெக்கையைத் தூக்கணும். போடாத கோழி இடது ரெக்கையைத் தூக்கணும். ஆனா எல்லாரும் தூக்கணும்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"ஒரு கோழி சும்மா கொக்கரிச்சுக்கிட்டே இருக்கும். அதை விறகு ரூம்ல போடணும்னு பேசினாங்க. அப்புறம் கூட்டத்துலயே நிக்கட்டும்னு விட்டாங்க, ஆனா கொக்கரிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. வாங்கற ஆள் வந்தாரு. எல்லா ரெக்கையும் மேல இருந்துச்சு. ஆகா, எல்லாம் நல்லா முட்டை போடுதேன்னு சந்தோஷமாப் போயிட்டாரு."

நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் நியே மேடம்.

"அவ்வளவுதான். கோழிங்களுக்கு ரெக்கை வலிச்சுது."

யாரும் சிரிக்கவில்லை. படம் பிடித்துக்கொண்டிருந்த கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வெளியூர் ஆசிரியர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். நியே மேடம் வகுப்பை ஒரு முறை பார்த்தார். கை தூக்கிய வாக்கில் இறக்க மறந்து நின்ற சில பிள்ளைகளிடம் அவர் கண் தங்கியது. எல்லாம் இடது.

"இது நீதிக்கதையா?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது.

தோங் யாவ் படக்கென்று எழுந்தாள். நல்ல பிள்ளை. டீச்சரைக் காப்பாற்ற வந்தாள். "இல்ல, மேடம். கடைசியில நீதி வரல. போர்டுல மூணாவது வரி பாருங்க."

வழி கிடைத்துவிட்டது. "சரியாச் சொன்னே, உக்காரு" என்றால் போதும். மணி அடித்துவிடும், மலையூரில் பன்றிக்குட்டி வெந்துவிடும். பின்னால் பெங் லேசாகத் தலையாட்டினார், அதைத்தான் சொல் என்று.

"டீச்சர் என்ன சொல்றீங்க?" என்றார் நியே மேடம்.

சூமெய்க்கு ஒரு கணம் மகிழ்ச்சிகூட வந்தது. ஒரு வாரக் கோபம் இதோ ஒரு சின்னப் பெண் வாயிலிருந்து வந்து பெங்கின் நெஞ்சில் நேராகப் பாய்ந்திருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். அந்தத் தைரியத்தில், முள்ளென்று பெங் எடுக்கச் சொன்ன கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"இந்தக் கதை யாரைக் குத்துது?"

பிள்ளைகள் திரும்பிப் பெங்கைப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் அவளைப் பார்த்தன. ஷியாவ்மான் தலையைக் குனிந்துகொண்டாள், டீச்சருக்கு வலிக்குமே என்று.

ஆமாம், பெங் எந்த வகுப்பில் கை எண்ணினார்? கூப்பிட்டது யார், கூப்பிடாமல் விட்டது யார், குழாயடியில் வைத்துச் சத்தியம் வாங்கியது யார்? பிள்ளைகளுக்குத் தெரிந்த வீட்டுக்காரர் ஒருவர்தான்.

சூமெய் துடைப்பானை எடுத்தாள். மூன்றாவது வரியை அழித்தாள். பிறகு மற்ற இரண்டையும் அழித்தாள்.

"இது நீதிக்கதைதான்," என்றாள். "என்னைக் குத்துது. நல்லாக் குத்துது. கையை இறக்குங்க, எல்லாரும். வலிக்கும்."

அப்போதும் தூக்கியே இருந்த கைகள் மெல்ல இறங்கின. பின்வரிசையில் ஔயாங் அக்கா தன் இடது தோளைத் தன்னையறியாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நியே மேடம் குறிப்பேட்டில் எதுவும் எழுதவில்லை. மூடினார். "எங்க வட்டத்துல எல்லாக் கோழிப்பண்ணையும் இப்படித்தான்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு, மதிய விருந்துக்கு நிற்காமல் கிளம்பிப் போனார். அது பாராட்டா, சலிப்பா, கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பெங்கின் சேதி தெளிவாக இருந்தது. குவளையைத் திறந்தார், ஊதினார், இந்தத் தடவை குடித்தார்.

"ஹூவோட பேர் போகுது. உங்க ஒப்பந்தம் கோடையோட முடியுது. வேற எங்கயாவது பாத்துக்கங்க, லுவோ டீச்சர். எனக்குக் கோபமில்ல."

"எனக்கு இருக்கு, சார்" என்றாள்.

வராந்தாவில் ஔயாங் அக்கா காத்திருந்தாள். "முடிஞ்சுதா? வாயை வேற எதுக்கும் எடுக்காதேன்னேன்ல, கழுதை." ஒரு டப்பா நூடுல்ஸை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். மிளகாய் நிறையப் போட்டிருந்தது.

மறுநாள் காலை அதே வகுப்பு. மேசைமேல் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து சுண்ணக்கட்டிப் பெட்டிவரை நகர்ந்து போயிருந்தது. அப்பா. எடுக்கவில்லை. பன்றிக்குட்டிக்கு என்ன பதில் சொல்வதென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

"இனிமே தெரிஞ்சாத்தான் கை தூக்கணும். எந்தக் கையா இருந்தாலும் சரி. தெரியலன்னா சும்மா இருங்க, நான் மறுபடி சொல்லித் தர்றேன்." போர்டுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். "குடைக்காரன் முட்டாள்னு சிரிச்சோம். அவன் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கா?"

ஒரு கைகூட எழவில்லை.

இத்தனை காலத்தில் இந்த வகுப்பில் இப்படி ஆனதில்லை. வெறும் தலைகள். தோங் யாவ்கூடக் கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். சூமெய்க்குப் பயம் வந்தது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோமோ. யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாமா. கால்கள் ஜன்னலை நோக்கிப் போகத் துடித்தன. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்குப் பக்கத்தில் கைபேசி மறுபடி அதிர்ந்தது.

கடைசி பெஞ்சில் ஷியாவ்மான் மெதுவாகக் கையைத் தூக்கினாள். ஒன்றை அல்ல, இரண்டையும்.

"அது என்னடி, ரெண்டு?"

"பாதிதான் தெரியும், டீச்சர்."

"அந்தப் பாதியைச் சொல்லு" என்றாள் சூமெய்.